கேள்வித்தாளிலேயே இருக்கிறது தத்துவம்

கேள்வி:

அன்புள்ள மேடம், நான் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. அதற்கு முன் ஒன்பது வருடம் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ‘டயாலிசிஸில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளின் வாழ்வனுபவம்’ என்ற தலைப்பில் பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வு முறை ஃபினாமினாலஜி, அதாவது ஓர் அனுபவம் அதை வாழ்கிறவருக்கு எப்படித் தோன்றுகிறது என்று ஆராய்வது. எட்டுப் பேரைப் பேட்டி எடுக்கத் திட்டம், ஆறு பேர் முடிந்துவிட்டது. சமீபத்தில் நடந்த டாக்டோரல் கமிட்டியில் ‘உங்கள் ஆய்வின் தத்துவ அனுமானங்கள் என்ன?’ என்று கேட்டார்கள். ஆன்டாலஜி (உண்மை எப்படிப்பட்டது), எபிஸ்டமாலஜி (அதை எப்படி அறிகிறோம்), ஆக்சியாலஜி (விழுமியங்கள்), மெதடாலஜி (ஆய்வு முறை) என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஹுஸ்ஸர்ல், ஹைடெக்கர் என்ற இரண்டு தத்துவவாதிகளையும் சேர்த்திருந்தேன். பகுப்பாய்வுக்குக் கொலெய்ஸியின் ஏழு படிகள். ‘ஒன்றோடொன்று ஒட்டவில்லை, மறுபடி எழுதி வாருங்கள்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எட்டுப் பேர் எப்படிப் போதும் என்றும் ஒருவர் கேட்டார். நோயாளி சொல்வதைக் கேட்டு எழுதுவதற்கு ஜெர்மன் தத்துவம் எதற்கு மேடம்? நான் டயாலிசிஸ் நர்ஸாக இருந்ததை எழுத வேண்டுமா, மறைக்க வேண்டுமா? அத்தியாயத்தையும், கேள்வித்தாளையும், ஆள் அடையாளம் நீக்கிய டிரான்ஸ்கிரிப்ட்களில் சில பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கமிட்டி உங்களை வம்புக்கு இழுக்கவில்லை. நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது. அந்த மூன்று பக்கம் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் திருப்பித்தான் கொடுத்திருப்பேன். ‘உண்மை ஒன்றல்ல, பல’, ‘ஆய்வாளர் பங்கேற்பாளருக்கு நெருக்கமாக இருந்து அறிகிறார்’, ‘ஆய்வாளரின் விழுமியங்கள் ஆய்வில் கலந்திருக்கின்றன’ என்பதெல்லாம் கிரெஸ்வெல்லின் பாடப்புத்தகம் பண்புசார் ஆய்வு அத்தனைக்கும் பொதுவாகச் சொல்வது. மீனவர் குப்பத்தில் ஒரு வருடம் தங்கி இனவரைவியல் செய்கிறவரும் அதே மூன்று பக்கத்தை அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் ஆய்வு ஏன் ஃபினாமினாலஜி, அதிலும் எந்த ஃபினாமினாலஜி என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

தத்துவம் எதற்கு என்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே ஒரு தத்துவத்தோடுதான் பேட்டிக்குப் போயிருக்கிறீர்கள். அது எது என்று பார்த்துக்கொள்ளாமல் போனதுதான் சிக்கல். கேள்வித்தாளை எடுங்கள். மூன்றாவது கேள்வி: ‘டயாலிசிஸ் உங்கள் மனநிலையை எப்படிப் பாதித்தது?’ டயாலிசிஸ் காரணம், மனநிலை விளைவு, நடுவில் பாதிப்பு. நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே உலகம் எப்படிப்பட்டது என்று முடிவு செய்தாகிவிட்டது. இது மருந்து கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறவர்களின் ஆன்டாலஜி. அங்கே அது சரியானது. ஆனால் பின்னால் நாற்பது பக்கம் ஹுஸ்ஸர்லை எழுதினாலும் இந்தக் கேள்வியை அது காப்பாற்றாது.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். ‘கஷ்டமாத்தான் இருக்கு சிஸ்டர், என்ன பண்றது’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைக்கப்பட்ட இரண்டாம் நபர், பேட்டி முடிந்து நீங்கள் ரெக்கார்டரை அணைக்கப் போகும் நேரத்தில், யாரும் கேட்காமலே ஒன்று சொல்கிறார்: ‘தாகம் எடுத்தா முதல்ல தண்ணிப் பானையப் பாக்க மாட்டேன் சிஸ்டர். மருமக எங்க நிக்குதுன்னுதான் பாப்பேன்.’

உங்கள் ஆய்வேடு இந்த இரண்டு வரியில் இருக்கிறது. இதை வைத்தே அனுமானங்களைப் பார்த்துவிடலாம்.

ஹுஸ்ஸர்ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வியன்னாவில் தத்துவவாதி பிரென்டானோவின் வகுப்புகளில் உட்கார்ந்த பிறகுதான் தத்துவத்துக்கு வந்தார். பிரென்டானோ 1874-ல் வெளியிட்ட உளவியல் நூலில் ஒரு பழைய கருத்தைத் தூசி தட்டி எடுத்திருந்தார்: உணர்வு எப்போதும் எதையோ நோக்கியே இருக்கிறது. பார்ப்பது என்றால் எதையோ பார்ப்பது, அஞ்சுவது என்றால் எதற்கோ அஞ்சுவது. அந்தப் பெரியவரின் தாகமும் தொண்டைக்குள் அடைபட்ட ஒரு சங்கடமாக மட்டும் வரவில்லை. பானை, டம்ளர், மருமகள் நிற்கும் இடம் என்று ஒரு வீட்டையே கூட்டிக்கொண்டு வருகிறது. ஃபினாமினாலஜியின் முதல் நம்பிக்கை இதுதான்: அனுபவம் மண்டைக்குள் நடக்கும் தனி விவகாரம் இல்லை. அனுபவத்தை விவரித்தால், அந்த மனிதருக்குத் தோன்றும் உலகத்தையும் சேர்த்தே விவரித்தாக வேண்டும்.

நர்ஸுக்கு அதே தாகம் வேறொன்று. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஏறிய எடை, டிரை வெயிட்டுக்கு (உடலில் உபரி நீர் இல்லாத எடைக்கு) மேல் எத்தனை கிலோ, இன்றைக்கு எவ்வளவு நீர் இழுக்க வேண்டும், உப்பைக் குறைத்தாரா இல்லையா. அந்தக் கணக்கு தப்பு என்று ஹுஸ்ஸர்ல் எங்கும் சொல்லவில்லை. அதைச் சற்று நேரம் புழக்கத்தில் விடாமல் வை என்கிறார். உலகம் நாம் நினைக்கிறபடிதான் இருக்கிறது என்ற அன்றாட நம்பிக்கையை நிறுத்தி வைக்கும் இந்தச் செயலைத்தான் எபொக்கே என்றார். 1913-ல் வந்த ‘ஐடியாஸ்’ முதல் தொகுதியில் இது விரிவாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பிராக்கெட்டிங் என்கிறீர்களே, அது இதுதான். நர்ஸின் கணக்கை மட்டுமல்ல, ‘மருமகள் நிஜமாகவே முறைத்தாளா?’ என்ற துப்பறிதலையும் சேர்த்து அடைப்புக்குள் வைக்க வேண்டும். அவள் முறைத்தாளா என்பது குடும்ப நல ஆலோசகரின் கேள்வி. தாகம் அந்தப் பெரியவருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதே உங்கள் கேள்வி. அவர் பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிச் சரிபார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சாரம் என்ற கருத்து. தனி மனிதர்களின் அனுபவங்களுக்குள் பொதுவான ஒரு கட்டமைப்பு உண்டு, அதைக் கண்டெடுக்க முடியும் என்று ஹுஸ்ஸர்ல் நம்பினார். கண்டெடுக்கும் வழி எண்ணிக்கை அல்ல. மனதுக்குள் மாற்றி மாற்றிப் பார்ப்பது: எதை எடுத்தால் இந்த அனுபவம் இந்த அனுபவமாகவே இருக்காது? மருமகளை எடுத்துப் பார்ப்போம். உங்கள் ஐந்தாம் நபர் தனியாக வசிக்கிறார். தண்ணீர் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். இரவில் கோட்டைத் தாண்டிவிட்டால் காலையில் அந்தப் பாட்டிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறார். கண்காணிக்க ஆள் இல்லை, கண்காணிப்பு மட்டும் இருக்கிறது. அப்படியானால் மருமகள் சாரமல்ல. யாருக்கோ கணக்குச் சொல்லித்தான் தாகத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பது சாரத்துக்கு அருகில் வருகிறது. இப்போது மூன்றாம் நபரை, ஆறாம் நபரை வைத்து இது தாங்குகிறதா என்று பாருங்கள். இதுதான் வேலை.

‘எட்டுப் பேர் எப்படிப் போதும்?’ என்றவருக்கும் இதில் பதில் இருக்கிறது. இத்தனை சதவீத நோயாளிகள் இப்படி உணர்கிறார்கள் என்று நீங்கள் சொல்லப் போவதில்லை. இந்த அனுபவம் எதனால் ஆனது என்று சொல்லப் போகிறீர்கள். அதற்கு வேண்டியது ஒன்றுக்கொன்று வேறுபட்ட, ஆழமான விவரணைகள். விவரண ஃபினாமினாலஜியை உளவியலில் வகுத்தளித்த அமெடியோ ஜியோர்ஜி குறைந்தது மூன்று பேர் என்கிறார். ‘டேட்டா சாச்சுரேஷன் வரும்வரை எடுத்தேன்’, அதாவது புதிதாக எதுவும் வராத நிலைவரை எடுத்தேன் என்ற வரியையும் அடித்துவிடுங்கள். அது கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-ல் தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் கிரவுண்டட் தியரிக்காகக் கொண்டுவந்த கருத்தின் வழியில் வந்தது, அங்கே அதற்கு வேலை இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாத சுமை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விஷயம் தெரிந்தவர் யாராவது கேட்பார்கள். ஹுஸ்ஸர்ல் யாரையும் பேட்டி எடுத்தவர் இல்லை. தன் அனுபவத்தையே உதாரணமாக வைத்து யோசித்த தத்துவவாதி. ‘ஹுஸ்ஸர்லின் ஆய்வு முறையைப் பின்பற்றி எட்டுப் பேரைப் பேட்டி எடுத்தேன்’ என்ற வரி அதனால் சரியல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து டுகேன் பல்கலைக்கழகத்தில் ஜியோர்ஜி போன்ற உளவியலாளர்கள், பிறர் சொல்லும் விவரணைகளுக்கு ஏற்றபடி அதை மாற்றி அமைத்தார்கள். நீங்கள் பின்பற்றுவது அந்த மாற்றத்தைத்தான். நர்சிங் ஆய்வாளர்கள் ஹுஸ்ஸர்லின் சொற்களை எடுத்துக்கொண்டு அவர் சொன்னதை விட்டுவிட்டார்கள் என்று 1990-களில் மைக்கேல் குரோட்டியும் ஜான் பேலியும் கடுமையாகவே எழுதினார்கள். பேலி சொல்வது முழுவதையும் நான் ஏற்பதில்லை. ஆனாலும் அவரைப் படிக்காமல் வைவாவுக்குப் போகாதீர்கள்.

இப்போது உங்கள் அத்தியாயத்தில் ஒட்டாமல் போன இடம். ஒரு பக்கத்தில் ‘என் முன்னறிவு அனைத்தையும் ஒதுக்கி வைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பக்கம் தள்ளி, ‘டயாலிசிஸ் யூனிட்டில் எனக்கிருந்த ஒன்பது ஆண்டு அனுபவம் நோயாளிகளின் சொற்களை ஆழமாகப் புரிந்துகொள்ளத் துணை நின்றது’ என்கிறீர்கள். ஒதுக்கி வைத்த பொருள் எப்படித் துணை நிற்கும்? கமிட்டி கேட்டது இதைத்தான். முதல் வரி ஹுஸ்ஸர்லின் வழி, அதாவது விவரண ஃபினாமினாலஜி. இரண்டாவது ஹைடெக்கரின் வழி, அதாவது விளக்க ஃபினாமினாலஜி.

ஹைடெக்கர் ஃபிரைபர்க்கில் ஹுஸ்ஸர்லுக்கு உதவியாளராக இருந்தவர். 1927-ல் வந்த ‘இருத்தலும் காலமும்’ நூலை அவருக்கே சமர்ப்பித்தார். அடுத்த ஆண்டு அவருடைய பதவிக்கே வந்து அமர்ந்தார். (1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதும், ஹுஸ்ஸர்ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஹைடெக்கரை மேற்கோள் காட்டும் எவரிடமும் இது கேட்கப்படலாம்.) சமர்ப்பணம் இருந்தாலும் கேள்வியை அவர் மாற்றிவிட்டார். உணர்வு உலகத்தை எப்படி அறிகிறது என்பதைவிட, உலகத்துக்குள் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கிற ஒருவராக இருப்பது என்றால் என்ன என்று கேட்டார். நாம் எதையும் வெறும் கண்ணால் முதலில் பார்த்து, பிறகு அர்த்தம் கொடுப்பதில்லை. முன்பே கைவசம் இருக்கும் ஒரு புரிதலோடுதான் எதையும் சந்திக்கிறோம். அதைக் கழற்றி ஓரமாக வைக்க முடியாது, கழற்றினால் புரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது. அவருடைய மாணவர் கடமர் 1960-ல் இதை இன்னும் வெளிப்படையாக்கினார்: முன்முடிவு புரிதலுக்குத் தடை மட்டுமல்ல, புரிதல் தொடங்குவதே அங்கிருந்துதான்.

அதற்காக முன்முடிவை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. எதிரில் இருப்பவர் சொல்வது அதை அசைக்க இடம் கொடுக்க வேண்டும். நான்காம் நபரோடு நீங்கள் பேசியதைப் பாருங்கள்.

‘அன்னிக்குக் கல்யாண வீடு சிஸ்டர். ரெண்டு டம்ளர் மோர் குடிச்சிட்டேன்.’

‘அப்படிக் குடிக்கலாமா ஐயா? மூச்சு வாங்குமே.’

‘தப்புதான் சிஸ்டர்.’

அதோடு கதை முடிந்தது. அடுத்த பத்து நிமிடமும் அவர் ஆமாம், இல்லை என்றுதான் பதில் சொல்கிறார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் ஊற்றுகிற மோரைத் தனக்கும் ஊற்ற விட்ட அந்த நிமிடம் அவருக்கு எப்படி இருந்தது? சந்தோஷமா, பயமா, இரண்டும் சேர்ந்தா? நமக்கு இனித் தெரியாது. அங்கே பேசியது ஆய்வாளர் இல்லை, டயாலிசிஸ் நர்ஸ். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்பது வருடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி உயிர்களைக் காத்திருக்கிறீர்கள், அது தானாக வரும். ஆனால் நீங்கள் நர்ஸாக இருந்ததை எழுதலாமா, மறைக்கலாமா என்ற கேள்விக்கு இந்த மூன்று வரியே பதில். எழுதுங்கள். பொதுவாக இல்லை, இந்த இடத்தைக் காட்டியே எழுதுங்கள். நர்ஸின் முன்புரிதல் எங்கே கதவைச் சாத்தியது, எங்கே திறந்தது என்று.

திறந்த இடமும் இருக்கிறது. ஆறாம் நபர் தன் இடது கையைப் பற்றிப் பேசும்போது ‘ராத்திரி முழிப்பு வந்தா கையத் தொட்டுப் பாப்பேன், ஓடுதான்னு’ என்கிறார். வேறொருவராக இருந்தால் எது ஓடுகிறது என்று கேட்டுப் பேச்சை முறித்திருப்பார். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் விரல் வைத்தால் தெரியும் அந்த அதிர்வு உங்களுக்குத் தெரியும், அது நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதனால் ‘ஓடுறது தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?’ என்று மட்டும் கேட்டீர்கள். ‘தூங்கிடுவேன். ஆனா அந்தக் கை மேல சாய மாட்டேன். அது என் கை மாதிரி இல்ல, யாரோ கொடுத்து வச்ச மாதிரி’ என்று அவர் சொன்னார். உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்களிலேயே மிகச் சிறந்த பகுதி இது. இதை ‘உடல் ரீதியான கட்டுப்பாடுகள்’ என்ற தீமின் கீழ் போட்டுப் புதைத்துவிட்டீர்கள். பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது என்பவை கட்டுப்பாடுகள். யாரோ கொடுத்து வைத்த கை என்பது வேறு.

இதற்கு நீங்கள் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பாண்டியிடம் போக வேண்டும். ‘புலனுணர்வின் ஃபினாமினாலஜி’, 1945. உடல் என்பது நான் வைத்திருக்கும் பொருளல்ல, உலகத்தோடு நான் தொடர்புகொள்வதே உடலாக என்கிறார். பார்வையற்றவரின் கைத்தடி பழகப் பழக அவர் தொடுபுலனின் நீட்சியாகிவிடுவதை அவர் விவரிக்கிறார். உங்கள் ஆறாம் நபரிடம் இதற்கு நேர் எதிரானது நடந்திருக்கிறது. முழுமையான பிராக்கெட்டிங் முடியாது என்பதே அந்த முயற்சி கற்றுத்தரும் பெரிய பாடம் என்று சொன்னவரும் இவர்தான், அதனால் உங்களுக்கு இரண்டு வகையில் உதவுவார்.

கொலெய்ஸிக்கு வருவோம். நான் மதிப்பிட வாங்கும் நர்சிங் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை கொலெய்ஸிதான். 1978-ல் அவர் தந்த ஏழு படிகளை அட்டவணையில் போட வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதிலும் தென்படுவதில்லை. முறை மோசமானதல்ல, ஆனால் அது விவரண மரபைச் சேர்ந்தது. கடைசிப் படியில், எழுதியதைப் பங்கேற்பாளரிடமே கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறது. ஜியோர்ஜி இதற்கு உடன்படுவதில்லை: அனுபவம் பங்கேற்பாளருடையது, பகுப்பாய்வைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு இல்லை என்பது அவர் வாதம். அதனால் கொலெய்ஸியை வைத்துக்கொண்டு ஜியோர்ஜியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

எந்தப் பக்கம் போவது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. என் முடிவு: ஹைடெக்கர் பக்கம், விளக்க ஃபினாமினாலஜி. உங்கள் பேட்டிகளின் நல்ல இடங்கள் எல்லாம் நீங்கள் நர்ஸாக இருந்ததால் கிடைத்தவை. மோசமான இடங்களும் அதனால்தான். நர்ஸை ஒதுக்கிவிட்டேன் என்று எழுதினால் இரண்டையும் விளக்க முடியாது. பகுப்பாய்வுக்கு மேக்ஸ் வான் மேனன் 1990-ல் எழுதிய நூலின் வழியை எடுங்கள். ஜோனதன் ஸ்மித்தின் ஐ.பி.ஏ. (விளக்க ஃபினாமினாலஜிப் பகுப்பாய்வு) முறையும் பொருந்தும். ஒவ்வொரு நபரையும் தனித்தனியே முழுசாக வாசித்த பிறகே ஒப்பிடச் சொல்வது அதில் எனக்குப் பிடித்தது. இரண்டில் ஏதாவது ஒன்று போதும். நர்சிங் துறைக்குள்ளேயே முன்னோடி வேண்டும் என்று கமிட்டி கேட்டால் பட்ரீஷியா பென்னர் இருக்கிறார், 1984 முதல் இந்தப் பாதையில் எழுதியவர்.

மூன்று பக்கத்துக்குப் பதிலாக இப்படி ஒரு பத்தியில் தொடங்குங்கள்: ‘டயாலிசிஸ் அனுபவம் நோயாளியின் மனதுக்குள் மட்டும் நிகழ்வதல்ல, அவருடைய வீடு, உடல், உறவுகள் வழியாகவே அவருக்குக் கிடைக்கிறது என்று இந்த ஆய்வு கொள்கிறது. முன்புரிதல் இல்லாமல் அதை அறிய முடியாது என்றும் கொள்கிறது. ஆய்வாளர் முன்னாள் டயாலிசிஸ் நர்ஸ். அந்த முன்புரிதல் பேட்டியை எங்கே வழிநடத்தியது, எங்கே தடுத்தது என்பது ஒவ்வொரு டிரான்ஸ்கிரிப்ட்டிலும் குறிக்கப்பட்டுள்ளது.’ பெரிய சொல் எதுவும் இல்லாமல் ஆன்டாலஜியும் எபிஸ்டமாலஜியும் இதில் வந்துவிட்டன.

ஆக்சியாலஜி மட்டும் பாக்கி. அதற்கு ‘விழுமியங்கள்’ என்று பொதுவாக எழுத வேண்டாம். ஆறில் நான்கு பேட்டிகளை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கட்டில் பக்கத்தில் எடுத்திருக்கிறீர்கள். நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருக்கிறவர், தன் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர்களுக்குத் தெரிந்தவரான உங்களிடம் ‘இப்ப பேச வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? எழுந்து போகவும் முடியாது. கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது இதற்குப் பதிலாகாது. இதை அத்தியாயத்தில் நீங்களே எழுப்பி, நீங்களே எதிர்கொள்ளுங்கள். கமிட்டி கண்டுபிடிக்கும்வரை விட்டுவைக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வியை எடுத்துவிட்டு, ‘கடைசியாக டயாலிசிஸுக்கு வந்த நாளைக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்’ என்று வையுங்கள். ‘எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்ற ஏழாவது கேள்வியும் வேண்டாம், சமாளிக்கிறார் என்று யார் சொன்னது? மீதி இரண்டு பேரை வீட்டிலோ, டயாலிசிஸ் இல்லாத நாளிலோ சந்தியுங்கள். நான்காம் நபர் சம்மதித்தால் இன்னொரு முறை பேசுங்கள், இந்த முறையில் ஒருவரோடு இரண்டாம் தடவை பேசுவது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் கேள்வித்தாள், பேட்டி இடம், இரண்டாம் பேட்டி மூன்றும் நீங்கள் அனுமதி வாங்கிய திட்டத்திலிருந்து மாறுகின்றன. முதலில் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகு போங்கள்.